மதிய மணியும் நான் அழித்த வரிகளும்

ஒரு ஆள் உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் சாவுமணி அடித்தவன் நான்தான் என்று ஒரு மதியம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். கையில் கயிறுகூட இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்து கணினியில் சில வரிகளை அழித்தேன், அதனால் இனயத்துக் கோயில் மணி என் மனைவியின் பெரியப்பா செத்துவிட்டதாக ஊருக்கு அறிவித்துவிட்டது. இதுதான் என் நம்பிக்கை. நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த நம்பிக்கையின் பேரில் போன் போட்டு, பஸ் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, அதுவரை நன்றாக இருந்த ஒரு காரியத்தையும் கெடுத்து வைத்தேன்.

என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இது விளங்காது. கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. நாம் கண்ணால் பார்க்கிற நிரல்களுக்கெல்லாம், அதாவது புரோகிராம்களுக்கெல்லாம், அடியில் உட்கார்ந்து அவை கேட்பதைச் செய்து கொடுப்பது. ஒரு நிரல் ஒயர் வழியாக இன்னொரு கணினியோடு பேச வேண்டுமானால் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறை காலத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் பழைய முறையில் கேட்டுப் பழகிய நிரல்கள் மாறுவதில்லை. எழுதியவனே மறந்த பிறகும் எங்கோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டு, பழையபடியே கேட்டுக்கொண்டிருக்கும். அவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் பஞ்சாயத்தில் வீட்டு எண்களை ஒரு தடவை மாற்றினார்கள். இன்றைக்கும் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் இருக்கின்றன. பழைய எண் போட்டு வருகிற தபாலையும் தபால்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் அந்தத் தபால்காரர் வேலைதான் எனக்கு, முணுமுணுப்பு உட்பட. 2004இல் சென்னையில் ஆரம்பித்து, சில வருஷங்களில் சென்னை என்னையும் நான் சென்னையையும் வெறுத்து, மார்த்தாண்டத்துக்கே வந்து நாலு பேர் ஐந்து நாற்காலி உள்ள ஒரு கம்பெனியில் அதே வேலையைத் தொடர்ந்தேன். ஐந்தாவது நாற்காலி வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர் வந்தால் உட்காருவதற்கு. ஒருவரும் வந்ததில்லை.

இது நடந்தது இரண்டாயிரத்துப் பதினொன்று வாக்கில் என்று நினைக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் புதிதாக ஒரு நெட்வொர்க் பெட்டி செய்துகொண்டிருந்தார். அதில் பழைய நிரல் ஒன்றுகூட ஓடாது, ஆகவே பழைய முறைக்கான வரிகளையெல்லாம் துடைத்துவிடு என்றார். எனக்கு ஏக சந்தோஷம். வருஷக்கணக்காகப் பழைய எண் தபாலைச் சுமந்தவனிடம் இனி தூக்கிப் போடு என்று சொன்னால் எப்படி இருக்கும். ஒரு வாரம் சீட்டியடித்துக்கொண்டே அழித்தேன்.

அழித்தவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு நிரல் எதிர்முனைக்கு ஏதோ அனுப்பிவிட்டு, 'பதிலுக்கு இவ்வளவு நேரம் காத்திரு, வராவிட்டால் என்னை எழுப்பு' என்று கெர்னலிடம் சொல்லும். பழைய நிரல்கள் அந்த நேரத்தைச் சின்ன டப்பாவில் போட்டுத் தரும், புதியவை பெரிய டப்பாவில். வந்திருப்பது பழைய ஆள் என்றால் சின்ன டப்பாவில் இருப்பதைப் பெரிய டப்பாவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் அப்படியே படித்தால், ஒரு வினாடிகூட இல்லாத நேரம் யுகக்கணக்கில் தெரியும். அந்த மாற்றும் வரிகளை அழித்தேன். அழித்ததோடு புத்திசாலித்தனமும் காட்டினேன். நேரம் கிறுக்குத்தனமான எண்ணாக வந்தால் பத்து வினாடி என்று வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்காக என்னை நானே பாராட்டிக்கொண்டு கீழே பேக்கரியில் ஒரு பப்ஸ் தின்றேன்.

இனயம் என் மனைவியின் ஊர், கத்தோலிக்க ஊர். கடற்கரை ஊரில் மருமகனுக்கு உள்ள மரியாதை, இலையில் விழும் மீன் துண்டில் தெரியும். எனக்கு ரொம்ப காலமாக வால் துண்டுதான் வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வேலை என்றால் பிரிண்டர் ரிப்பேர் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். அதனால்தான் கோயில் மணிக் கணினி பழுதான செய்தி வந்ததும் கூப்பிடாமலே போய் நின்றேன்.

அந்த மணி ஏற்பாடு வேடிக்கையானது. கோயில் அலுவலகத்தில் ஒரு கணினி, கோபுரத்தில் சுத்தியலை இழுத்துவிடுகிற ஒரு பெட்டி, நடுவே நீள ஒயர். காலை, மதியம், மாலை மூன்று வேளை செபத்துக்கு நேரமானதும் கணினி 'அடி' என்று சொல்லும், பெட்டி அடிக்கும். ஆனால் 'அடித்தேன்' என்று திருப்பிச் சொல்ல அந்தப் பெட்டிக்குத் தெரியாது. நிரலோ பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராது. கெர்னல் எழுப்பிவிடும், அடுத்த 'அடி' போகும். ஆக, ஒருபோதும் வராத பதிலுக்குக் காத்திருக்கிற நேரம்தான் இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. இப்படி ஒரு நிரலை எழுதியவர் கல்ஃபுக்குப் போய்விட்டார். இப்போது எந்த நாட்டில் என்பது அவர் வீட்டாருக்கே நிச்சயமில்லை. நிரலைத் திருத்தத் தேவையான மூல வரிகள் எவரிடமும் இல்லை. ஓடுகிற நிரல் மட்டும் இருந்தது, அது ஓடியது.

கணினியை மாற்றி, அந்தப் பழைய நிரலைப் புதியதில் ஏற்றினேன். அத்தோடு, எவரும் கேட்காமலே, நான் துடைத்துச் சுத்தம் செய்த கெர்னலையும் போட்டேன். சோம்பல் பாதி, பெருமை பாதி. என் பையில் இருந்தது அதுதான், ஊருக்குப் புத்தம் புதியதைக் கொடுத்தோம் என்றும் இருக்கும். காலைப் பூசை முடிந்த நேரம். கோயில் அலுவலகத்தையும் மணியையும் பார்த்துக்கொள்ளும் கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றார்.

"ஒரு தடவ அடிச்சுப் பாத்திரலாமா?" என்றேன்.

"எப்பம்?"

"இப்பம்தான்."

"எட்டரைக்கா? ஓய், எட்டரைக்கு மணி கேட்டா ஊரு என்ன நினைக்கும்? வள்ளம் முங்கிச்சா, தீப்பிடிச்சான்னு பெண்ணும் பிள்ளையும் முற்றத்துல வந்து நிக்கும். ஒமக்க கம்ப்யூட்டரு பாஸா பெயிலான்னு பாக்கத்தான் அடிச்சேன்னு நான் அவ்வளவு பேருக்கும் சொல்லவா?"

உலகத்தில் எதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று பிறருக்குப் பாடம் நடத்துகிறவன் நான். கோயில் மணியைச் சோதிக்க முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது. சரி, பன்னிரண்டுக்கு அடிக்கத்தானே போகிறது என்று பஸ் ஏறி மார்த்தாண்டம் வந்துவிட்டேன்.

பெரியப்பாவின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மனைவிக்குப் பெரியப்பா, எனக்கு மாமா முறை. கடலில் பாதி ஆயுளைக் கழித்தவர். அந்த வருஷம் மூச்சிரைப்பு முற்றி, சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசுகிற நோயில்பூசுதல்கூடக் கொடுத்தாகிவிட்டது. அவருடைய ஒரே மகன், எனக்கு மச்சான், சவுதியில் இருந்தார். அவர் கம்பெனியில் ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு விடுவார்கள். அந்த ஒரு தடவையை அவர் மகளின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தார். கல்யாணம் ஜனவரியில். பெரியப்பா இருப்பாரா, அதுவரை தாங்குவாரா என்று எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவே எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து விஷயத்தை முடித்துவிட்டார்.

"நான் செத்தா அவனுக்கு உடனே போன் போடப்பிடாது. அடக்கம் முடிஞ்ச பொறவு பைய சொன்னா போதும். செத்தவன் யாரு வந்தா, யாரு வரலன்னு பாக்கவா போறான்? பிள்ளைக்க கல்யாணத்துல தகப்பன் இல்லாம நின்னா அது பாக்கும்."

அப்புறம் மகனுக்கே போன் போட்டு அதையே சொன்னார். மச்சான் அந்தப் பக்கம் அழுதார். கடைசியில் சரி என்றார். ஆக அந்த வீட்டில் ஒப்பந்தம் இதுதான்: பெரியப்பா இறந்தால் மச்சானிடம் மறைக்க வேண்டும், மச்சான் விடுப்பைத் தொடக் கூடாது. இந்த ஒப்பந்தம் மச்சானுக்கும் தெரியும் என்பதைத்தான் அன்றைக்கு நான் மறந்துபோனேன்.

பன்னிரண்டு நெருங்கும்போது அலுவலகத்தில் என்னுடைய பழைய சோதனை நிரல் ஒன்றைப் புதிய கெர்னலில் ஓட்டினேன். ஒரு நொடியில் முடிய வேண்டியது அசையாமல் நின்றது. மெல்ல ஒரு வரி வந்தது. மறுபடி நின்றது. பத்து வினாடி கழித்து அடுத்த வரி. ஏதோ ஒயர் லூஸ் என்று ஒயரைத் திருகினேன். பிறகு நாற்காலியைத் திருகினேன். மூன்றாவது வரி வரும்போது என் கை நின்றுவிட்டது. இது நான் சேர்த்த பத்து வினாடி. பழைய நிரல், சின்ன டப்பா, மாற்ற ஆளில்லை, கிறுக்கு எண், ஆகவே பத்து.

கோயிலில் இருப்பதும் பழைய நிரல்.

மதிய மணி மூன்று மூன்றாக அடுத்தடுத்து விழும். அதையே ஒவ்வொரு அடிக்கும் பத்து வினாடி இடைவெளி விட்டு அடித்தால் அதற்கு இனயத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். ஒரு அடி. ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு அமைதி. மறுபடி ஒரு அடி. அது துக்க மணி. துக்க மணி கேட்டால் இனயத்தில் எல்லோரும் முதலில் நினைக்கக்கூடிய ஆள் யார் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

கணக்கப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மனைவி டீச்சர், வகுப்பில் இருப்பாள், போனை அணைத்து வைத்திருப்பாள். கோயிலுக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் மச்சினனைக் கூப்பிட்டேன். அவன் எடுத்ததும் அவன் குரலுக்குப் பின்னால் மணி கேட்டது. டாங் என்று ஒன்று. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து எண்ணி முடிக்கவும் அடுத்தது விழுந்தது.

"அத்தான், துக்க மணி அடிக்குவு. கேக்கா?"

"யாருக்கு?"

"தெரியல. எல்லாரும் பெரியப்பா வீட்டுப் பக்கமாட்டு போறாவ. நானும் கடைய அடச்சிட்டுப் போறேன்."

"போகாத. அது மணி இல்ல."

"மணி இல்லாம என்னது?"

"அது டப்பா மாறினது."

"என்னத்தான், சாயா குடிச்சீளா இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அப்போது என் மூளை வேகமாக ஓடியது, ஆனால் ஓட வேண்டிய திசைக்கு நேர் எதிரே. வீட்டில் கூட்டம் கூடும். ஒப்பந்தம் தெரியாத யாராவது தூரத்துச் சொந்தம் ஆர்வக்கோளாறில் சவுதிக்குப் போன் போட்டு 'அப்பா போயிட்டாரு' என்று சொல்லும். மச்சான் வாக்கை மறந்துவிட்டு விடுப்பு எழுதிக் கொடுப்பார். இருக்கிற ஒரே விடுப்பு உயிரோடு இருக்கிற அப்பாவைப் பார்க்கச் செலவாகும். ஜனவரியில் அந்தப் பெண் அப்பா இல்லாமல் கல்யாணக் கோலத்தில் நிற்கும். அத்தனைக்கும் காரணம் என் பத்து வினாடி. ஆகவே வேறு யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் நான் மச்சானைக் கூப்பிட்டுவிட வேண்டும். எவ்வளவு தெளிவான யோசனை. கூப்பிட்டேன்.

"மச்சான், சொகமா இருக்கீளா?"

"ஆங். துணி அலசிட்டு நிக்கேன். என்ன மாப்பிள, இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. மாமாவுக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லவா கூப்பிட்டீரு?"

"ஆமா. யாராவது போன் போட்டு மாமா போயிட்டாருன்னு சொன்னா நம்பப்பிடாது. அது கம்ப்யூட்டர் கோளாறு."

"எது கம்ப்யூட்டர் கோளாறு?"

"மணி."

"என்ன மணி?"

"துக்க மணி. ஆனா அது மாமாவுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

"யாருக்கும் இல்ல மச்சான். காத்திருக்கிற நேரம் தப்பாப் போச்சு, அவ்வளவுதான்."

பிறகு ரொம்ப நிதானமாக, என்னைத் தேற்றுகிற குரலில் கேட்டார்.

"அடக்கம் எப்பம்?"

நான் சத்தியம் செய்தேன். என் பிள்ளைகள் மேல் ஆணையிட்டேன். ஆணையிட ஆணையிட அவர் உறுதியாகிக்கொண்டே போனார். இறந்தால் மறைக்க வேண்டும் என்று முடிவு செய்த ஒரு குடும்பத்திலிருந்து ஒருவன் தானாகப் போன் போட்டு, இறக்கவில்லை என்று மூச்சுமுட்டச் சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வது. "நீரு நல்லவரு மாப்பிள. அப்பா சொன்ன வாக்க காப்பாத்துதீரு. ஆனா என்னால முடியாது. நான் லீவு எழுதப் போறேன்," என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

வேறு ஒருவரும் அவரைக் கூப்பிடவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் ஒரே ஆள் போதும்.

இனி ஒரே வழி, பெரியப்பாவையே மகனோடு பேச வைப்பது. கருங்கல் வழியாக இனயம் போகிற பஸ்ஸில் ஏறினேன். மார்த்தாண்டம் ஜங்ஷனில் பஸ் நின்றது. நகரவில்லை. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி, நடுவே ஒரு ஆட்டோ குறுக்கே. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலில் தலையை நீட்டினேன். உட்கார்ந்திருந்தால் என்னமோ நான்தான் பஸ்ஸைப் பிடித்து நிறுத்தியிருக்கிற மாதிரி இருந்தது. இறங்கி நடக்க ஆரம்பித்தேன். ஐம்பதடி போவதற்குள் நெரிசல் விலகி, அதே பஸ் என்னைத் தாண்டிப் போனது. கண்டக்டர் படியில் நின்றபடி, "அண்ணாச்சி, டிக்கெட் எடுத்துட்டு நடந்தே போறீளா? நல்ல காரியம், உடம்புக்கு நல்லது," என்றார். ஓடினேன். பஸ் நின்றது. ஏறினதும் மொத்தப் பஸ்ஸும் என்னைப் பார்த்தது.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "என்ன மக்கா, ஆஸ்பத்திரி கேஸா?"

"இல்லம்மா. கெர்னல் கேஸு."

"மிலிட்டரியா," என்று பரிதாபமாகத் தலையசைத்தார். திருத்தவில்லை. திருத்தினால் சின்ன டப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கருங்கல் போகும்வரை மச்சானைக் கூப்பிட்டேன், கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டேன், மறுபடி மச்சானை. நடுவில் தவறுதலாகக் கேஸ் ஏஜென்சியைக் கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டதற்காக ஒரு சிலிண்டரும் பதிவு செய்தேன்.

பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஒரு பத்துப் பேர் நின்றார்கள். மச்சினன் நின்றான். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியப்பா, மடியில் மரச்சீனிக் கிழங்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வா மருமவனே. நீயும் ஒப்பாரி வச்சுக் கரைய வந்தியா?"

"இல்ல மாமா, சும்மா."

"சும்மாவா. எனக்க நடைக்கு முன்னால வந்து ஒருத்தி மாரடிச்சிட்டா. நான் உள்ள கிழங்கு தின்னுட்டிருக்கேன். ஏட்டி யாருட்டின்னு கேட்டேன். அவளுக்குப் பாதி உயிரு போச்சு. ஒரு சாவு போதாதுன்னு ரெண்டாவதும் விழப் பாத்துது."

எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவை விட்டுவிட்டு, சவுதிக்குப் போன் போட்டதை மட்டும் சொன்னேன். முற்றத்தில் சிரிப்பு நின்றது. பெரியப்பா கிழங்கைத் தட்டில் வைத்தார்.

"நான் சாவலன்னு நீ அவனுக்குப் போன் போட்டியா?"

"ஆமா மாமா."

"நெசமாட்டே செத்தாலும் இவ்வளவு கேடு வராதே மக்கா."

மச்சினன் தன் போனிலிருந்து கூப்பிட்டான். மச்சான் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பெரியப்பாவின் வாய்க்கு அருகே பிடித்தான்.

"ஏலே, நான்தான்."

"யாரு, சித்தப்பாவா?"

சித்தப்பா என்றால் என் மாமனார். அண்ணனுக்கும் தம்பிக்கும் குரல் அச்சு ஒன்றுதான்.

"சித்தப்பா இல்லலே, அப்பன்."

"சித்தப்பா, நீங்களுமா? என்னை இனி ஏமாத்தண்டாம். நான் கரஞ்சு முடிச்சாச்சு. லீவு எழுதிட்டேன். என்னைக் கடைசியா ஒரு தடவ பாக்க விடுங்க."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து, மகனுக்கு அறிவில்லை என்பதை அவன் பிறந்த நாளிலிருந்து தொடங்கி விவரிக்க ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் மூச்சு சிக்கியது. இருமல் வந்தது. அது சாதாரண இருமல் இல்லை. அடியில் எங்கோ கிளம்பி, ஒரு விசில் போலத் தேய்ந்து, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஆரம்பிக்கிற இருமல். முற்றத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இருமல் அடங்கினதும் போனிலிருந்து சின்னக் குரல் வந்தது.

"அப்பா. அந்த மருந்த இழுக்கியளா, இல்ல அலமாரியிலயே வச்சிருக்கியளா?"

பெரியப்பா வாயைத் துடைத்தார். "இழுக்கேன்," என்றார். இழுப்பதில்லை என்பது முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏலே, அந்த லீவக் கிழி."

"கிழிக்கேன்."

"குடுத்தாச்சா?"

மச்சான் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். லைன் அறுந்தது. மச்சினன் திரும்பக் கூப்பிட்டான், கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். கொடுத்தாயிற்றா, இல்லையா. கொடுத்தாயிற்று என்றால் திரும்ப வாங்க முடியுமா. நான் முற்றத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தேன். "மருமவனே, எனக்க வீட்டு மணலையாவது விட்டு வையி," என்றார் பெரியப்பா.

அங்கே நிற்க முடியாமல் கோயிலுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை அலுவலக வாசலில் விசிறிக்கொண்டு இருந்தார். அவரிடம் முழுவதையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். எப்படியும் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற இடம்தானே.

"மணி தப்பா அடிச்சிட்டு இல்லியா?" என்று ஆரம்பித்தேன்.

"என்ன தப்பு?"

"ஒவ்வொரு அடிக்கும் நடுவுல பத்து வினாடி."

"அது தப்பா? துக்க மணி அப்பிடித்தானே. ஒரு அடி, ஒரு அருள் நிறைந்த மரியே செபம், அடுத்த அடி. எனக்க அப்பன் காலத்துலயும் அதுதான் கணக்கு. நீரு எண்ணிப் பாத்தீரா?"

"கம்ப்யூட்டரு அடிச்சதுல்லா?"

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கயிற்றுத் தடம் சிவந்திருந்தது. தலைக்கு மேலே இருந்த ஃபேனைச் சுட்டிக்காட்டினார். அது சுற்றவில்லை.

அந்த வருஷம் மார்த்தாண்டத்தில் காலையில் மின்வெட்டு, இனயத்தில் மதியம். அன்று பதினொரு மணிக்கே இனயத்தில் கரண்டு போய்விட்டது. கோயில் கணினி அணைந்து கிடந்தது. என் கெர்னல் ஒரு அடிகூட அடிக்கவில்லை. மேற்குத் தெருவில் நெடுநாளாகப் படுக்கையில் இருந்த ஒரு அம்மா பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் இறந்தார், கணக்கப்பிள்ளை கயிற்றைப் பிடித்து அவருக்கு மணி அடித்தார். மேற்குத் தெருவுக்குப் போகிறவர்கள் பெரியப்பா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கரண்டு வந்ததும் கோயில் கணினியில் என் கெர்னலை எடுத்துவிட்டு, வரிகள் அழிக்காத பழைய கெர்னலைப் போட்டேன். மறுநாள் அலுவலகத்தில் அழித்த வரிகளையும் என் பிரதியில் திரும்ப எழுதினேன். அன்று வெள்ளிக்கிழமை, சவுதியில் வார விடுமுறை, ஆபீஸ் பூட்டியிருந்தது. மச்சான் எழுதிய விடுப்பு யார் கைக்கும் போகவில்லை. ஜனவரியில் அவர் வந்து மகளின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனார். பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.